சிறு குழு வாசிப்புக்கு ஸ்டோரிவீவர்: நிலையைப் பார்க்காதீர்கள், எழுத்தைப் பாருங்கள்

தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளை நாலைந்து பேராக உட்கார வைத்து வாசிக்கச் சொல்லிக்கொடுக்கும் எவருக்கும் பெரிய தலைவலி புத்தகம்தான். ஒரே கதை ஐந்து பிரதி வேண்டும், அந்த ஐந்து பேருக்கும் ஏறக்குறைய ஏற்றதாக அது இருக்க வேண்டும், அடுத்த வாரம் வேறு கதை வேண்டும், கொஞ்ச நாளில் ஒருவன் முன்னேறிப் போய்விடுவான், இன்னொருத்தி புதிதாக வந்து சேருவாள், அப்போது இன்னொரு அடுக்கு வேண்டும். பாடப்புத்தகம் இதற்கு உதவாது. பாதிப் பிள்ளைகளுக்கு அது மனப்பாடம், கண் எங்கோ இருக்கும், வாய் சரியாகச் சொல்லும்.

இந்தத் தேவைக்கு நான் தொடர்ந்து பயன்படுத்தி வருவது ஸ்டோரிவீவர் இணையதளம். பெங்களூரைச் சேர்ந்த பிரதம் புக்ஸ் என்ற லாப நோக்கற்ற பதிப்பகம் 2015 செப்டம்பர் 8 அன்று, உலக எழுத்தறிவு நாளில், இதைத் தொடங்கியது. இன்று 300க்கும் மேற்பட்ட மொழிகளில் படக்கதைகள் இருக்கின்றன, தமிழிலும் தாராளமாக. எல்லாம் இலவசம். கதைகள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வருவதால் அச்சடிக்கலாம், மொழிபெயர்க்கலாம், மாற்றி எழுதலாம், எழுதியவர் பெயர், ஓவியர் பெயர், உரிமம் மூன்றையும் குறிப்பிட்டு, எதையாவது மாற்றியிருந்தால் அதையும் சொன்னால் போதும். சிறு குழு நடத்துகிறவருக்கு இந்த ஒரு வசதியே பெரிய விஷயம். எப்படிப் பெரிது என்று கீழே சொல்கிறேன்.

முதலில் நிலைகள். தளத்தில் கதைகள் நான்கு நிலைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. முதல் நிலை 250 சொற்களுக்குள், இரண்டாவது 600 வரை, மூன்றாவது 1500 வரை, நான்காவது அதற்கும் மேல். எளிய சொற்கள், திரும்பத் திரும்ப வரும் சொற்கள் என்ற கணக்கும் உண்டு. பல மொழிகளுக்குப் பொதுவாக வைத்த அளவுகோல் என்ற வகையில் இது நியாயமானதுதான். ஆனால் தமிழில் சொற்களை எண்ணி ஒரு கதை எளிதா கடினமா என்று சொல்லிவிட முடியாது. 'ஓடிக்கொண்டிருந்தது' என்பது ஒரே சொல். அதில் பத்து எழுத்துகள், நடுவில் ஒரு கொ, மூன்று மெய்கள். 'பூனை வந்தது' என்பது இரண்டு சொல், ஆனால் எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளைக்கு அது பாதி வேலைகூட இல்லை. எண்பது சொற்களே உள்ள முதல் நிலைக் கதை ஒன்றில் பக்கத்துக்குப் பக்கம் '-க்கொண்டிருந்தார்கள்' வந்தால், இரண்டாம் வகுப்பின் பின்தங்கிய குழு மூன்றாவது பக்கத்திலேயே களைத்துவிடும்.

அதனால் நிலை எண்ணை நான் ஒரு சல்லடையாக மட்டும் வைத்துக்கொள்கிறேன். அதற்கப்புறம் கதையைத் திறந்து, இந்தக் குழுவுக்கு எந்த எழுத்துகள் கைவசம், எவை இன்னும் தடுமாற்றம் என்ற குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்கிறேன். தமிழில் பிள்ளைகள் தடுக்கி விழும் இடங்கள் எல்லாருக்கும் தெரிந்தவைதான். ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, இவை மெய்யெழுத்துக்கு முன்னால் எழுதப்படுகின்றன, ஒலியோ பின்னால் வருகிறது. கொ, கோ என்றால் எழுத்தின் இரண்டு பக்கமும் குறி. 'கொடி' என்ற சொல்லை ஒரு பிள்ளை படிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். விரல் கொம்பில் நிற்கும், 'கெ' என்று சொல்வாள், பிறகு துணைக்கால் கண்ணில் படும், அதைத் தனி எழுத்தாக எண்ணி 'ர' என்பாள், 'கெரடி' என்று முடித்துவிட்டு நம் முகத்தைப் பார்ப்பாள். நாற்பது பேர் உள்ள வகுப்பில் இது கோரஸ் சத்தத்தில் காணாமல் போகும். நாலு பேர் உள்ள குழுவில் அந்த நொடியிலேயே பிடித்து, கொம்பு, க, கால் மூன்றையும் ஒரே எழுத்தாக விரலால் வளைத்துக் காட்டிவிடலாம். சிறு குழு என்று ஒன்றை நடத்துவதே இதற்காகத்தான் என்பேன். ஆகவே அந்த வாரம் கொம்பும் காலும் என்றால், கொ, கோ நாலைந்து இடத்தில் வருகிற, மற்றபடி தெரிந்த எழுத்துகளாகவே உள்ள கதையைத் தேடுகிறேன். இப்படித் தேட தளத்தின் நிலைப் பிரிவு கைகொடுக்காது, கண்ணால்தான் பார்க்க வேண்டும். நேரம் பிடிக்கும் வேலை, ஆனால் ஒருமுறை பட்டியல் போட்டு வைத்துவிட்டால் அடுத்த வருடமும் உதவும்.

படங்கள் அருமை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்ததும் முதலில் அட்டைப் படத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள், வாய் திறக்காத பிள்ளைகூட அங்கே பேசிவிடுகிறது. அதே படம் படிக்கும்போது கொஞ்சம் தொந்தரவும் செய்யும். 'நாய் படுத்தது' என்று எழுதியிருக்கும். ஒரு பையன் படத்தைப் பார்த்துவிட்டு 'நாய் தூங்குது' என்று தைரியமாகச் சொல்வான். கதை புரிந்துவிட்டது, எழுத்தைப் பார்க்கவே இல்லை. 'சாப்பிட்டது' என்பதை 'சாப்டுச்சு' என்று படிப்பதும் இந்த ரகம்தான். திட்ட வேண்டாம், பொருள் சரி என்று ஏற்றுக்கொண்டு, படத்தை உள்ளங்கையால் மூடி, 'எங்கே, விரல் வைத்துப் படி' என்றால் போதும்.

இங்கேதான் அந்த உரிமத்தின் பயன். ஒரே கதையின் வாக்கியங்களை மட்டும் பெரிய எழுத்தில் ஒரு தாளில் தட்டச்சு செய்து, ஆளுக்கு ஒன்று அச்சடித்துக் கொடுத்துவிடுகிறேன். முதல் நாள் படத்தோடு கதை, அடுத்த நாள் படம் இல்லாத தாள். தாள் பிள்ளையின் கையிலேயே இருப்பதால் தெரிந்த சொல்லை வட்டமிடலாம், வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவிடம் படித்துக் காட்டலாம். 'ஓடிக்கொண்டிருந்தது' இருக்கும் இடத்தில் 'ஓடியது' என்று மாற்றவும் தயங்காதீர்கள். தளத்திலேயே ஒரு கதையை வேறு நிலைக்கு மாற்றி எழுதி வெளியிடும் வசதியும் இருக்கிறது, அதை இன்னும் நிறையப் பேர் பயன்படுத்த வேண்டும் என்பது என் ஆசை. வண்ணப் பக்கங்களை முழுதாக அச்சடிக்க மை நிறைய ஆகும். கறுப்பு வெள்ளையில் சில படங்கள் இருண்டுபோகும். ஆகவே படத்துக்கு ஒரு டேப்லெட் அல்லது ஒரே ஒரு வண்ணப் பிரதி, வாசிக்கத் தாள் என்ற ஏற்பாடே எனக்குத் தோதாகப் படுகிறது.

குழு நடக்கும் நேரம் பதினைந்திலிருந்து இருபது நிமிடம் போதும். ஒருவர் படிக்க மற்றவர்கள் கேட்பது என்று வரிசையாகப் போகாதீர்கள், தன் முறை முடிந்த பிள்ளை சன்னலைப் பார்க்கும். எல்லாரும் ஒரே நேரத்தில் முணுமுணுப்பாகப் படிக்கட்டும், நாம் ஒவ்வொருவர் பக்கமாகக் காதைக் கொண்டுபோக வேண்டும். நூறு சொல்லில் பத்துக்கு மேல் தவறினால் அந்தக் கதை அந்தப் பிள்ளைக்கு இப்போதைக்குக் கனம். இறக்கிக் கொடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

தளத்தில் வாசிப்பு வீடியோக்களும் உண்டு, ஒலிக்கும் சொல் திரையில் நிறம் மாறும். சரளத்துக்கு நல்லது. ஒரு குழுவோடு நாம் இருக்கும்போது மற்ற பிள்ளைகள் தாங்களாகவே செய்யக்கூடிய வேலையாகவும் ஆகிறது, வகுப்பில் அமைதியும் கிடைக்கும். ஆனால் அதை வாசிப்பு என்று கணக்கில் எழுதாதீர்கள், அது கேட்டல்.

அமெரிக்காவின் தேசிய வாசிப்பு ஆய்வுக் குழு (National Reading Panel) 2000ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை, வாசிக்கக் கற்றுக்கொடுப்பதில் முக்கியமான ஐந்து விஷயங்களைச் சொன்னது: ஒலிகளைப் பிரித்து உணர்வது, எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு, சரளம், சொல்வளம், புரிதல். ஒலிப் பயிற்சி சிறு குழுவில் நடக்கும்போது கூடுதல் பலன் கிடைத்ததையும் அது குறிப்பிட்டது. ஸ்டோரிவீவர் கடைசி மூன்றுக்கும் வாரி வழங்குகிறது. முதல் இரண்டும் நம் பொறுப்பு. 'கடல்', 'பகல்', 'தங்கம்' மூன்றிலும் ஒரே க, மூன்று ஒலி. இதை எந்தக் கதைப் புத்தகமும் தானாகச் சொல்லித் தராது. எழுத்து அட்டைகளும் ஒரு சின்ன வெள்ளைப் பலகையும் இல்லாமல் வெறும் கதைகளை வைத்து ஆரம்பநிலைக் குழுவை நடத்த முயல்பவர்கள் சீக்கிரம் சோர்ந்துபோவார்கள்.

மொழிபெயர்ப்பு பற்றி ஒரு வார்த்தை. யார் வேண்டுமானாலும் மொழிபெயர்த்துப் பதிவேற்றலாம் என்பதால் வாக்கியங்களின் தரம் ஒன்றுபோல் இருக்காது. பதிப்பகமே வெளியிட்ட கதைகளில் தொடங்குங்கள். மற்றவற்றைக் குழுவுக்குக் கொடுக்கும் முன் நீங்களே ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு எங்கே இடறுகிறதோ அங்கேதான் பிள்ளையும் இடறும்.

சரளமாகப் படிக்கத் தொடங்கிவிட்ட மூன்றாம், நான்காம் வகுப்புக் குழுக்களுக்கு என்றால் யோசிக்கவே வேண்டாம். அங்கே எழுத்துப் பிரச்சினை இல்லை, பேச்சுதான் முக்கியம், இரண்டாம், மூன்றாம் நிலைக் கதைகள் கச்சிதமாகப் பொருந்தும். அறிவியல் சார்ந்த புத்தகங்களும் இருக்கின்றன. கதை என்றாலே முகம் சுளிக்கும் சில பையன்கள் பூச்சியைப் பற்றி, இயந்திரத்தைப் பற்றி என்றால் மூன்று பேர் ஒரு திரையில் முட்டிக்கொண்டு படிக்கிறார்கள். அவர்களிடம் 'கதையின் நீதி என்ன' என்று கேட்டு நிறுத்திவிடாமல், 'இது எந்த வரியில் இருக்கிறது, காட்டு' என்று கேளுங்கள். விடை தேடித் திரும்பப் படிப்பார்கள், நமக்கு வேண்டியதும் அந்த இரண்டாவது வாசிப்புதான்.