கிளிப் ஃபெரைட் வளையம்: டிஎஸ்எல் இரைச்சலை அடக்குமா?

ஒயர்மீது இரண்டு பாதிகளாகக் கவ்வி மூடும் காந்தப்பொருள் வளையம்தான் இது. தொலைபேசிக் கம்பிவழி இணையமான டிஎஸ்எல்லில் குறுக்கிடும் மின் இரைச்சலை அடக்கும், ஆனால் மாட்டும் விதத்தைப் பொறுத்து. டிஎஸ்எல்லின் ஒரு வகையான ஏடிஎஸ்எல்2+ இணைப்பு 2.2 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடுகிறது. மட்டமான எல்இடி விளக்கு, சார்ஜர்களின் இரைச்சலும் அங்கேதான் விழுகிறது. கடைகளில் கிடைக்கும் வளையங்களில் பல 25 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் தடுப்பதற்காகச் செய்யப்பட்டவை. ஆகவே இரைச்சல் தரும் அடாப்டரின் ஒயரை ஒருமுறை நுழைத்து மூடினால் மோடத்தில் எஸ்என்ஆர் மார்ஜின் (இரைச்சலைத் தாங்க இணைப்புக்கு மிச்சமிருக்கும் இடைவெளி) அசையவே அசையாது. அகலத் துளை உள்ளதாக வாங்கி, அடாப்டரை ஒட்டியே 5 சுற்று சுற்றுங்கள். இந்த அதிர்வெண்களில் தடுப்பு சுற்றின் வர்க்கமாக ஏறும்: ஏறக்குறைய 25 மடங்கு. பாதிகள் இடைவெளியின்றி மூடவேண்டும். ஒயர் பிதுங்கினால் பலன் பெரிதும் குறையும்.

வாங்குமுன் மீடியம் வேவ் ரேடியோவை நிலையம் இல்லாத இடத்தில் வைத்து, ஒவ்வொரு அடாப்டர் அருகிலும் கொண்டுபோங்கள். கரகரப்பு எகிறும் அடாப்டரைக் கழற்றிவிட்டு மார்ஜினைப் பாருங்கள். ஏறினால் அதையே மாற்றிவிடலாம். வளையம் அதற்கு அடுத்தபடிதான்.