கே சான் ஒரு நாள் சுற்றுலா: விமானத்தளம் காட்டினார்கள், குன்றைக் காட்டவில்லை

வியட்நாமின் ஹுவே நகரிலிருந்து காலையில் கிளம்பி, டோங் ஹா வழியாக 9ஆம் எண் நெடுஞ்சாலையில் மேற்கே ஏறி, மாலையில் திரும்பும் பேருந்துச் சுற்றுலாவில் பிப்ரவரி மாதம், வியட்நாம் போரில் அமெரிக்கத் தளம் இருந்த கே சான் போய்வந்தேன். வண்டி நேரத்திற்கு வந்தது, வழிகாட்டியும் பொறுமையானவர். ஆனால் அந்தத் தளத்தின் மையமான தா கோன் விமானத்தளத்திற்கு அவர்கள் ஒதுக்கியிருந்தது முக்கால் மணி நேரம் மட்டுமே.

அங்கே சரக்கு விமானமும் ஹெலிகாப்டர்களும் திரும்பக் கட்டிய பதுங்குகுழிகளும் இருக்கின்றன. அருங்காட்சியகம் வியட்நாமின் வெற்றிக் கதையைச் சொல்கிறது, அதில் வியப்பில்லை. எனக்கு வேண்டியிருந்ததோ, 1968 ஜனவரி 21 முதல் 77 நாட்கள் நீடித்த, வட வியட்நாம் படையின் முற்றுகையில் சுற்றியிருந்த குன்றுகளில் அமெரிக்க மரைன் வீரர்கள் எப்படிப் பொழுதைக் கழித்தார்கள் என்பது. உயரத்தையே பெயராகக் கொண்ட 881 தெற்குக் குன்றில் கேப்டன் வில்லியம் டாப்னியின் தலைமையில் ஏறத்தாழ 400 பேர் இருந்தார்கள். குடிதண்ணீர் முதல் குண்டுகள் வரை எல்லாமே ஹெலிகாப்டரில் வந்தாக வேண்டும் என்பதால் குளிப்பதும் சவரம் செய்வதும் அவர்களுக்கு மறந்தே போயின. பதுங்குகுழிகளிலோ எலிகளின் ஆட்சி. பிப்ரவரி 24 முதல் ஸ்கைஹாக் என்னும் தாக்குதல் விமானங்கள் எதிரியின் துப்பாக்கிகளை அடக்கிப் புகைத்திரை விரிக்க, அதன் மறைவில் ஹெலிகாப்டர்கள் கூட்டமாக வந்து சரக்கை இறக்கத் தொடங்கிய பிறகே நிலைமை தேறியது. இத்தனைக்கும் நடுவில் தினமும் காலையில் ஓர் அதிகாரி ஊதுகொம்பு இசைக்க, வானொலி ஆன்டெனாவில் கொடியை ஏற்றி, விறைப்பாக நின்று வணங்கிவிட்டு, எதிரியின் பதிலடியாகக் கிளம்பிய மோர்ட்டார் குண்டு வந்து விழுவதற்குள் பள்ளத்தில் பாய்ந்துவிடுவார்கள்.

இதில் ஒரு வரிகூட வழிகாட்டி சொல்லவில்லை. 881 எங்கே என்று கேட்டபோது மேற்கே கை நீட்டினார். அங்கே மூடுபனிதான் தெரிந்தது. அன்று ஹெலிகாப்டர்களை நாட்கணக்கில் தடுத்ததும் இதே பருவத்து மூடுபனிதான் என்பதால் எனக்கு அது ஏமாற்றமாகப் படவில்லை. வாசலில் பழைய பதக்கங்களை நீட்டி மொய்க்கும் வியாபாரிகளிடம் பத்து நிமிடம் போனதுதான் வருத்தம். அந்த மலையில் விளையும் காபியை மட்டும் குடிக்காமல் வராதீர்கள்.

போரை மேலோட்டமாகப் பார்க்க விரும்புவோருக்கு இந்தச் சுற்றுலா போதும். குன்றுகளுக்காகவே போகிறவர்கள் டோங் ஹாவில் தனி வண்டி பேசி, கே சானில் ஓரிரவு தங்கி, உள்ளூர் ஆள் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெடிக்காத குண்டுகள் இன்னும் மண்ணுக்குள் கிடக்கும் குவாங் த்ரி மாகாணத்தில் நடைபாதையை விட்டு விலகக் கூடாது.