மேல்தளத்து ஒழுக்கு: பொலியூரித்தேனா, பியூட்டைல் பட்டியா?

பொல்கொட ஏரியில் நிறுத்தியிருக்கும் எங்கள் 21 அடி ஃபைபர் கிளாஸ் இயந்திரப் படகின் முன்னறை மெத்தைகள், இரண்டு ஆண்டுகளுக்கு முன் மே மாதத்தில் தென்மேல் பருவமழை தொடங்கிய முதல் வாரத்திலேயே ஊறிப்போயின. மேல்தளத்தின் மேலிருந்து பார்த்தபோது எங்கும் விரிசல் தெரியவில்லை. கயிறு கட்டும் கிளீட்டுகளின் அடியிலும் கைப்பிடிக் கம்பிகளின் அடித்தகடுகளிலும் பழைய அடைப்புப் பசை காய்ந்து விலகியிருந்தது. அவற்றைக் கழற்றி மறுபடி பதிக்க முடிவுசெய்தபோது, இடப்பக்கத்துக்குப் பொலியூரித்தேன் பசையையும் வலப்பக்கத்துக்குச் சுருளாக வரும் ஒட்டும் ரப்பரான பியூட்டைல் பட்டியையும் பயன்படுத்தினேன். ஒரே படகில், ஒரே மழையில் இரண்டையும் பார்த்துவிட்டே இதை எழுதுகிறேன்.

மற்ற இரண்டு தெரிவுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பழைய சோனகத் தெருவின் எந்த வன்பொருள் கடையிலும் மலிவாகக் கிடைக்கும் சிலிக்கோனை மேல்தளத்துக்குக் கொண்டுவரவே வேண்டாம். அது விட்டுச்செல்லும் மெல்லிய படலத்தின் மீது வேறு பசையோ வண்ணமோ பிடிக்காது, புதிய சிலிக்கோன்கூடச் சரியாக ஒட்டாது. பொலிசல்ஃபைட் நல்ல பொருள், தேக்குமரத் தளங்களுக்கு நெடுங்காலமாகப் பயன்படுவது; ஆனால் சில பிளாஸ்டிக் வகைகளை அது அரித்துவிடும் என்பதால் அக்ரிலிக் யன்னல்களுக்கு ஆகாது. நான் அதைக் கையாண்டதில்லை, ஆகவே அதற்குமேல் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

பொலியூரித்தேனின் பலத்தை யாரும் மறுக்க முடியாது. காற்றின் ஈரத்தை உறிஞ்சி இறுகும் பசையாதலால் கொழும்பின் ஈரக்காற்றில் அது விரைவாகத் தோல் கட்டுகிறது. நீர்மட்டத்துக்குக் கீழே படகின் உடலைத் துளைத்துச் செல்லும் குழாய் வாய்களுக்கு அதையே நம்புகிறார்கள். சிக்காஃப்ளெக்ஸ் 291 போன்றவை பொதுவான படகு வேலைக்கென்றும், திரீஎம் 5200 போன்றவை நிரந்தரப் பிணைப்புக்கென்றும் விற்கப்படுகின்றன. இந்த ‘நிரந்தரம்’ என்ற சொல்தான் என் முடிவை மாற்றியது.

மேல்தளத்தில் பதித்த எந்தப் பொருளையும் ஒருநாள் கழற்றத்தான் வேண்டியிருக்கும். கிளீட் ஒவ்வொரு அலைக்கும் இழுபடுகிறது. நண்பகல் வெயிலில் தளம் விரிந்து மாலை மழையில் சட்டெனச் சுருங்குகிறது. எந்தப் பசையும் இதை என்றென்றும் தாங்குவதில்லை. ஒழுக்கு இல்லாவிட்டாலும் போல்ட்டுகளைப் பார்க்க வேண்டும். துருப்பிடிக்காத எஃகு எனப்படுவது காற்றுப் படாமல் உப்புநீரில் ஊறும்போது இடுக்குகளில் அரிக்கப்படும். மேலே தலை பளபளத்தபடியே உள்ளே தண்டு மெலிந்துவிடும். அடித்தகட்டின் ஓரத்தில் பழுப்புக் கறை கசிந்தால் அது அதன் அறிகுறி.

இந்த ஆண்டு ஜனவரியில் இறங்குதுறையில் உரசி, இடப்பக்கக் கைப்பிடியின் ஒரு கால் வளைந்துபோனது. போல்ட்டுகளை அகற்றிய பின்னும் அடித்தகடு அசையவில்லை. வெப்பக்காற்றால் சூடேற்றி, மெல்லிய கம்பியைப் பசைக்குள் செலுத்தி அறுத்து எடுக்க ஒரு பிற்பகல் முழுவதும் சென்றது. எடுத்தபோது ஃபைபர் கிளாஸின் பளபளப்பான மேற்பூச்சான ஜெல்கோட் உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்ந்து வந்தது. வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த படகுப் பாஸ், “ஐயா, இது ஒட்டினது இல்லை, ஒன்றாக்கினது” என்றார். ஒப்பிட்டுப் பார்க்கவென்றே வலப்பக்கத்தில் அதே மாதிரியான ஒரு காலைக் கழற்றினேன். நட்டுகள் போனதும், பிளாஸ்டிக் ஆப்பை ஓரத்தில் வைத்து மெல்ல நெம்ப, பட்டி இழைபோல் நீண்டு விட்டுக்கொடுத்தது. மிச்சத்தை வெள்ளை ஸ்பிரிட் தோய்த்த துணியால் துடைத்தேன். கால் மணி நேரத்தில் முடிந்தது, தளத்தில் ஒரு கீறலும் இல்லை.

நீரைத் தடுப்பதில் இதுவரை இரு பக்கமும் சமமே. ஆனால் இரண்டு ஆண்டு அனுபவம் சிறியது. பத்தாண்டு கழித்துப் பியூட்டைல் எப்படி இருக்கும் என்பதை என் படகைக் கொண்டு சொல்ல இன்னும் காலமாகவில்லை.

பியூட்டைல் இறுகுவதே இல்லை. பசைத்தன்மையோடு இருந்து, தளத்தின் அசைவுக்கேற்பத் தானும் அசைகிறது. அதனால் செய்முறையும் வேறாகிறது. துளையின் மேல்விளிம்பைச் சற்றுச் சரிவாகக் குடைந்து, போல்ட்டின் கழுத்தைச் சுற்றிப் பட்டியைக் கூம்பாகச் சுருட்டி வைத்தால், இறுக்கும்போது அது அந்தச் சரிவுக்குள் அழுந்தி வளையமாகிறது. மேலே போல்ட்டைத் திருப்பாமல் பிடித்துக்கொண்டு, கீழே நட்டை மட்டும் திருப்ப வேண்டும். ஒரே மூச்சில் இறுக்கக் கூடாது. வெயிலேறி இளகிய பின் சிறிது, மறுநாள் சிறிது என மூன்று நான்கு நாள் இறுக்கினேன். பிதுங்கியதை வெட்டி எடுத்தேன். மழைக்கு முன் அவசரமாக முடிக்க வேண்டியவருக்கு இந்தப் பொறுமை சிரமம் தரலாம். ஆனால் மிஞ்சிய சுருளை மூடி வைத்து அடுத்த ஆண்டும் எடுக்கலாம். திறந்த பொலியூரித்தேன் குழாயோ கொழும்பு ஈரத்தில் வாயோடு சேர்ந்து இறுகிவிடுகிறது, நான் பாதியை எறிந்தேன்.

பட்டிக்கு ஆகாத இடங்களும் உண்டு. பெற்றோலும் டீசலும் அதைக் கரைத்து இளக்குவதால் எரிபொருள் நிரப்பும் வாயின் விளிம்புக்குப் பயன்படுத்தக் கூடாது. அதற்குத் தனியே பிணைக்கும் வலிமை இல்லை. கீழே பெரிய வொஷரோ தாங்குதகடோ வைத்து, முழுதும் ஊடுருவும் போல்ட்டால் இறுக்கும் பொருளுக்கே அது பொருந்தும். நீர்மட்டத்துக்குக் கீழே வேண்டாம். ஓரத்தில் அழுக்கு ஒட்டிக் கறுப்பதும் உண்மை. கட்டட வேலைக்கு விற்கும் மலிவான பட்டிகளில் சில வெயிலில் வழிந்துவிடுவதால், படகுக்கென்று செய்ததையே கேட்டு வாங்க வேண்டும்.

எதைத் தெரிவுசெய்தாலும் துளையைக் கவனிக்காமல் விடக் கூடாது. எங்கள் தளத்தின் உள்ளீடு, அதாவது ஃபைபர் கிளாஸ் அடுக்குகளுக்கு நடுவே இருப்பது, ஒட்டுப்பலகை. வேறு படகுகளில் பல்சா மரம் இருக்கும். இரண்டும் நீரைக் குடித்தால் உக்கிவிடும், அந்தச் செலவோடு ஒப்பிட்டால் நனைந்த மெத்தை ஒன்றுமில்லை. ஆகவே ஒவ்வொரு துளையையும் பெரிதாக்கி, சுற்றியுள்ள பலகையைச் சுரண்டி, தடிப்பாக்கிய எபொக்சியால் நிரப்பி, அது இறுகிய பின் அதன் நடுவே போல்ட்டுக்கான துளையைப் புதிதாகப் போட்டேன். இனி எந்தப் பசை தவறினாலும் நீர் அறைக்குள் சொட்டுமே தவிர, தளத்தின் உள்ளே இறங்காது.

ஜனவரியில் கழற்றிய இடப்பக்கக் கால், ஜெல்கோட்டைச் சீராக்கிய பின் இப்போது பியூட்டைல் மீது நிற்கிறது. அந்தப் பக்கத்து மற்றக் கால்களையும் இரு கிளீட்டுகளையும் ஒக்டோபர் மழைக்கு முன் ஒவ்வொன்றாக மாற்றப்போகிறேன். எரிபொருள் வாய் மட்டும் பொலியூரித்தேனிலேயே இருக்கும்.