ஈகிள் மவுண்டனா, மெஸ்கீட்டா? கலிபோர்னியப் பாலைவனத்தின் இரண்டு குப்பைக் கிடங்குத் திட்டங்கள்

லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியின் குப்பையை ரயிலில் ஏற்றி, 300 கிலோமீட்டருக்கு மேல் கொண்டுபோய்ப் பாலைவனத்தில் புதைக்கலாம் என்ற திட்டம் 1980-களின் கடைசியில் சூடுபிடித்தது. இரண்டு இடங்கள் போட்டியில் நின்றன. ஒன்று ரிவர்சைடு கவுன்டியின் (மாவட்டத்தின்) ஈகிள் மவுண்டன். அங்கே கைசர் நிறுவனம் 1948 முதல் 1980-களின் தொடக்கம் வரை இரும்புத்தாது வெட்டியிருந்தது. மற்றது இம்பீரியல் கவுன்டியில் கிளாமிஸ் அருகே, மெஸ்கீட் தங்கச் சுரங்கத்தை ஒட்டிய நிலம். இரண்டும் நாளொன்றுக்கு 20,000 டன் வரை, ஏறத்தாழ நூறாண்டு குப்பை வாங்கும் கணக்கில் வரையப்பட்டவை. இரண்டிலும் மத்திய அரசின் நில மேலாண்மைப் பணியகம் பொதுநிலத்தைக் கொடுத்துத் தனியார் நிலத்தை மாற்றாகப் பெறவேண்டியிருந்தது. அதனால் மாநிலச் சட்டம், மத்தியச் சட்டம் இரண்டின்படியும் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை எழுதியாக வேண்டும்.

வரைபடத்தை மட்டும் பார்த்தால் ஈகிள் மவுண்டன்தான் லாபமாகத் தெரியும். குழி ஏற்கெனவே தோண்டியாகிவிட்டது. சால்டன் கடல் என்ற உப்பேரியின் பக்கமிருந்து சுமார் 84 கிலோமீட்டருக்குச் சுரங்க ரயில்பாதை கிடக்கிறது. மூடுமண்ணுக்குக் கழிவுப்பாறை மலைபோல் குவிந்திருக்கிறது. ஆனால் இந்தச் சாதகங்களில் முதலாவதே கட்டுமானத்தில் பெரிய தலைவலி.

அடித்தளம்: குழியா, சரிவா?

"மழையே பெய்யாத இடத்தில் கசிவுநீர் எங்கிருந்து வரும்?" என்ற வாதம் இன்றும் கேட்கிறது. கசிவுநீர் என்பது குப்பையில் ஊறி இறங்கும் அழுக்குநீர். 1991-ல் வந்த மத்திய விதிகள் வறண்ட பகுதிக்கு ஒரு விலக்கைத் தருகின்றன. ஆனால் அது நாளுக்கு 20 டன்னுக்குக் குறைவாக வாங்கும் சின்னக் கிடங்குக்கு மட்டும். இங்கே பேசுவது அதைப்போல் ஆயிரம் மடங்கு. எனவே முழு அடித்தளமும் வேண்டும்: அடியில் 60 செ.மீ. இறுக்கிய களிமண், அதன் மேல் ஒட்டி 1.5 மி.மீ. தடிமனுள்ள எச்.டி.பி.ஈ. பிளாஸ்டிக் தாள், அதற்கு மேல் கசிவுநீரை வாங்கி வெளியேற்றும் சரளை அடுக்கும் குழாய்களும். தாளின் மேல் கசிவுநீர் 30 செ.மீ.க்கு மேல் தேங்கக்கூடாது. குப்பை வரும்போதே ஈரத்தோடுதான் வருகிறது. மழை குறைவென்றால் கசிவுநீரும் குறையும், ஆனால் இல்லாமல் போகாது.

இந்த அடுக்குகளைச் செங்குத்தான சுரங்கச் சுவரில் விரிப்பது கடினம். முதலில் பாறை முகத்தைச் சீவி, படிகளை நிரப்பிச் சரிவாக்க வேண்டும். பிறகும் ஈரமான களிமண்ணுக்கும் வழவழப்பான தாளுக்கும் இடையில் உராய்வு குறைவு என்ற ஆபத்து நிற்கிறது. கலிபோர்னியாவின் கெட்டில்மன் ஹில்ஸ் ஆபத்தான கழிவுக் கிடங்கில் 1988 மார்ச்சில் நடந்தது இதுதான்: கழிவு மேடு தாளோடு சேர்ந்து வழுக்கி, பக்கவாட்டில் பத்து மீட்டருக்கு மேல் நகர்ந்தது. சொரசொரப்பான தாள், அடியில் முட்டுக்கொடுத்து நிரப்பும் வரிசை, ஒவ்வொரு கட்டத்திலும் சரிவின் நிலைப்புக் கணக்கு இவை அறிக்கையிலேயே இருக்கவேண்டும். ஒப்பந்தக்காரரிடம் விட்டுவிடக் கூடாது.

மெஸ்கீட்டின் மென்சரிவான வண்டல் நிலத்தில் தாள் விரிப்பது எளிது. அங்கே சிக்கல் வேறு. மலையிலிருந்து இறங்கும் காட்டோடைகள் ஆண்டு முழுக்கக் காய்ந்து கிடந்து, ஒரே மாலையில் மண்ணும் கல்லுமாகப் பாயும். நூறாண்டுக்கு ஒருமுறை வரும் 24 மணி நேர மழையைத் தாங்கும் திசைமாற்றுக் கால்வாய் தேவை. அது அரிக்கும், மணல் மூடும், ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் தூர்வார வேண்டும். கால்வாய் நீரை ஒதுக்கிவிட்டால் கீழ்ப்பக்க ஓடைகளை நம்பி நிற்கும் பாலோ வெர்டே, அயர்ன்வுட் மரங்கள் மெல்ல காயும். வெள்ளத் தடுப்பு அத்தியாயத்தைப் படிப்பவர் தாவர அத்தியாயத்தையும் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

அண்டங்காக்கையும் உரமும்

பாலைவன ஆமை 1990-ல் அருகிவரும் இனமாகப் பட்டியலிடப்பட்டது. குஞ்சுகளின் ஓடு முதல் சில ஆண்டுகள் மெத்தென்றிருக்கும். அண்டங்காக்கை கொத்திப் பிளந்துவிடும். குப்பையும் தேங்கிய நீரும் கிடைத்தால் காக்கை பெருகும், ஆமை குறையும். இது இரண்டு இடத்துக்கும் பொது. அன்றாடம் 15 செ.மீ. மூடுமண், குப்பை கொட்டும் முகப்பைக் குறுக்கி வைத்தல், திறந்த தண்ணீர் இல்லாமை, தரைக்குக் கீழே 30 செ.மீ. புதைத்த ஆமைவேலி ஆகியவை அவசியம். தூசியை அடக்க லாரி தெளிக்கும் தண்ணீர் குட்டையாகத் தேங்கினால் அதுவே காக்கைக்குத் தொட்டி.

ஈகிள் மவுண்டனை எடுபடாமல் செய்தது அதன் அண்டைவீடு. ஜோஷுவா ட்ரீ நினைவுப் பகுதியிலிருந்து 1950-ல் சுரங்கத்துக்காகப் பெரும் நிலம் பிரிக்கப்பட்டது. 1994-ல் அந்தப் பகுதி தேசியப் பூங்கா ஆனது. இன்று பூங்கா எல்லை இந்த இடத்தை மூன்று பக்கமும் சூழ்கிறது. இரவு விளக்கு, ரயில் சத்தம் இவற்றை ஓரளவு மட்டுப்படுத்தலாம். ஊட்டச்சத்துப் பரவலை அப்படிச் செய்ய முடியாது. பாலைவன மண் நைட்ரஜன் குறைந்த மண். உள்ளூர்ச் செடிகள் அதற்குப் பழகியவை. குப்பையிலிருந்து தூசியும் பறவைகளும் கொண்டுவரும் சத்தில் அந்நியப் புற்கள் செழித்து, காய்ந்து, தீக்கு வழியமைக்கும். பூங்காவுக்குள் ஒருமுறை பரவிய புல்லைத் திரும்ப எடுக்க வழியில்லை.

அறிக்கை எங்கே உடைந்தது?

ஈகிள் மவுண்டனின் 1997 அறிக்கையை மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் 1999-ல் ஏற்றது. மத்திய வழக்கில் அது தேறவில்லை. மேற்கு மாநிலங்களுக்கான மத்திய நீதிமன்றமான ஒன்பதாம் சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2009-ல் மூன்று குறைகளைச் சொன்னது. திட்டத்தின் நோக்கத்தை நிறுவனத்தின் தேவையை ஒட்டிக் குறுக்கி எழுதியதால் மாற்று வழிகள் தாமாகவே அடிபட்டுப்போயின. ஊட்டச்சத்துப் பரவல் பற்றிய தகவல் அறிக்கை முழுவதும் துண்டுதுண்டாகச் சிதறிக்கிடந்தது. கைமாறும் பொதுநிலத்தை மதிப்பிட்டபோது, அது குப்பைக் கிடங்காகப் பயன்படும் என்ற விலையே கணக்கில் வரவில்லை. பெருங்கொம்பு ஆடுகளைப் பற்றிய ஆய்வு மட்டும் போதுமானது என்றது.

மூன்றாவது குறை மெஸ்கீட்டுக்கும் இருந்தது. அதே நீதிமன்றம் 2000-லேயே மெஸ்கீட் நிலமாற்று வழக்கில் இதே கேள்வியை எழுப்பி, அந்த மதிப்பீட்டைத் தள்ளியிருந்தது. குப்பைக் கிடங்குக்காகவே நிலத்தை வாங்குபவரிடம் வெற்றுப் பாலைவன விலையை வாங்கினால் பொதுமக்களின் சொத்து அடிமாட்டு விலைக்குப் போகிறது. நிலமாற்று உள்ள எந்த அறிக்கையிலும் மதிப்பீட்டுப் பின்னிணைப்பைத்தான் நாங்கள் முதலில் திறப்போம்.

ஈகிள் மவுண்டன் வழக்கை விசாரிக்க உச்ச நீதிமன்றம் 2011-ல் மறுத்தது. குப்பையைக் கையாளும் அரசு அமைப்பான லாஸ் ஏஞ்சலிஸ் கவுன்டி துப்புரவு மாவட்டங்கள், ஈகிள் மவுண்டனை வாங்குவதற்கான ஒப்பந்தத்தை 2013-ல் கைவிட்டன. மெஸ்கீட்டை அவை 2002-லேயே வாங்கி, தேவையான வசதிகளையும் கட்டியிருந்தன. இடமாக மட்டும் எடைபோட்டால் எங்கள் ஓட்டும் மெஸ்கீட்டுக்கே: பக்கத்தில் பூங்கா இல்லை, செங்குத்துச் சுவர் இல்லை. ஆனால் தங்கச் சுரங்கத்தில் தாதுக் குவியல்மேல் சயனைடு கரைசலை ஊற்றித் தங்கம் பிரிப்பார்கள். ஆகவே குப்பை வருவதற்கு முன்பே நிலத்தடி நீரின் அடிப்படை அளவுகளைப் பல பருவங்கள் எடுத்து வைக்காவிட்டால், பின்னால் எது யாருடைய மாசு என்று பிரிக்க முடியாது.

இரண்டு அறிக்கைகளிலும் மெலிந்து கிடந்த மாற்று, "எதையும் கட்டாதே" என்பது. குப்பையில் பாதியை 2000-க்குள் கிடங்குக்குப் போகாமல் திருப்பவேண்டும் என்று கலிபோர்னியா 1989-லேயே சட்டம் போட்டிருந்தது. 2008-க்குப் பின் வந்த பொருளாதார மந்தம் குப்பையை மேலும் குறைத்தது. லாஸ் ஏஞ்சலிஸ் கவுன்டியின் புவென்ட்டே ஹில்ஸ் கிடங்கு 2013 அக்டோபர் 31-ல் மூடியபோது, அதன் குப்பைக்கு அருகிலுள்ள கிடங்குகளிலேயே இடம் இருந்தது. லாரியில் அங்கே அனுப்புவது ரயில் செலவைவிட மலிவு. கட்டி முடித்த மெஸ்கீட்டுக்கு அன்று குப்பை ரயில் கிளம்பவில்லை.