கோலமாவா, களிமண்ணா, ஸ்கெட்ச் நோட்டா?

மூன்றையும் செய்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். 48 வயது வரை எனக்கு ஓவியமும் வராது, கைவேலையும் வராது என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். போன ஆடியில் மகள் படிப்புக்காக வெளியூர் விடுதிக்குப் போனாள். அதுவரை டியூஷனுக்குக் கொண்டுபோய் விடுவதும் கூட்டிவருவதுமாக ஓடிக்கொண்டிருந்த மாலைப்பொழுது திடீரென்று காலியாகிவிட்டது. போனைப் பார்த்தே எத்தனை நாள் ஓட்டுவது? சரி, கையால் ஏதாவது செய்வோம் என்று இறங்கினேன்.

புதுச்சேரியில் யாரைக் கேட்டாலும் முதலில் கைகாட்டுவது ஒயிட் டவுனைத்தான். 'ஒரு நோட்டு வாங்கிக்கிட்டுப் போய் உட்காருங்க சார், ஊரே படம்தானே' என்றார் அலுவலக நண்பர். நானும் நோட்டு, பேனா, சின்ன வாட்டர்கலர் டப்பா எல்லாம் வாங்கினேன். எஸ்.வி. பட்டேல் சாலையில் அரவிந்தர் ஆசிரமத்தார் 1959 முதல் நடத்திவரும் கைக்காகிதப் பட்டறையின் தாள்கள் சிலவும் ஆசைப்பட்டு வாங்கினேன். அவை இன்னும் பீரோவில் பத்திரமாக இருக்கின்றன. அவ்வளவு அழகான தாளில் கிறுக்க மனசு வரவில்லை.

வரையப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். மாலை 6 மணிக்கு மேல் வண்டிகளை நிறுத்திவிடுவதால் பீச் ரோடு நடக்கச் சுகமாக இருக்கும், வரைவதற்கு உதவாது. வெயில் ஊருக்குப் பின்பக்கம் இறங்கிவிடும், கடலைப் பார்த்த முகப்புகள் எல்லாம் மங்கிப்போகும். காலை ஆறரைக்குப் போனால்தான் மஞ்சள் சுவர்மேல் வெயில் நேராக விழும். காந்தி சிலையைச் சுற்றி நிற்கும், செஞ்சியிலிருந்து கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் கல்தூண்களின் செதுக்கல்களும் அப்போதுதான் தெரியும். இன்னொன்று, துய்மா வீதி மதில்கள் வரைய ரொம்ப எளிது. நேராக ஒரு சுவர், வளைவாக ஒரு வாசல், மேலே காகிதப்பூக்கொடி, முடிந்தது. கஷ்டம், ஒயிட் டவுனையும் தமிழர் பகுதியையும் பிரிக்கும் பெரிய வாய்க்காலுக்கு மேற்கேதான் இருக்கிறது. ஈஸ்வரன் கோயில் தெருப் பக்கத் தமிழ் வீடு ஒன்றின் திண்ணையையும் மரத்தூண்களையும் தாழ்வாரத்து ஓட்டுச் சரிவையும் ஒரே படத்தில் கொண்டுவர எனக்கு நான்கு ஞாயிறு பிடித்தது. அப்போதும் தூண்கள் திண்ணையைத் தொடாமல் மிதந்தன.

அதைவிட மனசில் தைத்தது வேறு. நோட்டும் கையுமாக உட்கார்ந்திருந்த என்னிடம் ஒரு ஆட்டோக்காரர், 'எந்த ஊரு சார்? போட்டிங் போகணுமா?' என்று கேட்டார். இதே ஊர் முத்தியால்பேட்டையில் பிறந்து வளர்ந்தவனிடம்! அவர்மேல் குற்றமில்லை. அந்தத் தெருக்களில் நின்று வேடிக்கை பார்ப்பவர்கள் பெரும்பாலும் வெளியூர்க்காரர்கள்தான். மூன்று மாதம் போய்வந்ததில் எனக்குப் புதிதாக ஒருவரும் பழக்கமாகவில்லை. ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஈரக்காற்றில் பூசிய வண்ணம் காய மறுத்தது, தாள் அப்பளம் மாதிரி நெளிந்தது. நோட்டை மூடினேன்.

அடுத்தது களிமண். இந்த வட்டாரத்தில் அதற்குப் பஞ்சமே இல்லை. வில்லியனூர் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு உண்டு. 1971-ல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் இங்கே தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியில் கற்றுக்கொண்டு போனவர்கள் பலர். புதுச்சேரியிலும் ஆரோவில் பக்கமும் இன்று இத்தனை மட்பாண்டக் கூடங்கள் இருப்பதற்கு அது ஒரு பெரிய காரணம். தெற்கே போனால் பண்ருட்டி கொலு பொம்மை இருக்கவே இருக்கிறது. நான் சேர்ந்தது ஒரு சின்னக் கூடத்தின் சனிக்கிழமை வகுப்பில்.

கைக்குக் கிடைக்கும் சுகம் என்று பார்த்தால் மூன்றில் இதற்குத்தான் முதலிடம். ஈரமண்ணைப் பிசையும்போது அலுவலகக் கோபம் எல்லாம் விரல் வழியாக இறங்கிவிடுகிறது. சக்கரத்தில் மண்ணை நடுவில் நிறுத்தவே எனக்கு ஐந்து வகுப்பு ஆனது. சிக்கல் அதற்குப் பிறகுதான். செய்ததை அவசரமில்லாமல் நிழலில் காயவிட வேண்டும். மழைக்காலத்தில் அது வாரக்கணக்கில் இழுக்கும். உள்ளே ஈரம் மிச்சமிருந்தால் சூளைச் சூட்டில் அது ஆவியாகி வெளியேற வழி தேடும், பாண்டம் வெடிக்கும். கனமாகச் செய்வதில் உள்ள ஆபத்து இதுதான். என் முதல் யானை அப்படித்தான் போனது, பக்கத்தில் இருந்த வேறொருவரின் தம்ளரையும் கூட்டிக்கொண்டு. அவர் முகத்தை இரண்டு வாரம் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

சுடுமண்ணுக்கே 900 டிகிரி செல்சியஸ் பக்கம் சூடு வேண்டும். வீட்டு கேஸ் அடுப்பில் நடக்கிற காரியமா அது? சூளை வைத்திருப்பவர் நாள் சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். வகுப்புக் கட்டணம், சுடும் கூலி, பெட்ரோல் எல்லாம் சேர்த்தால் மூன்றில் செலவு அதிகமும் இதற்குத்தான். கார்த்திகைக்குள் ஒரு விரிசல் கிண்ணத்தோடு வெளியே வந்தேன்.

கோலம் நான் தேடிப் போனதில்லை. மார்கழி பிறக்கும் நேரத்தில் மனைவிக்கு மூட்டுவலி வந்தது, குனியக் கூடாது என்றார் டாக்டர். 'ஒரு மாசம் நீங்கதான் போடுங்க, வாசல் வெறும் வாசலா கிடக்கக் கூடாது' என்று மாவை விரிசல் கிண்ணத்தில் போட்டுக் கையில் கொடுத்துவிட்டாள்.

முதல் நாள் யாரும் பார்க்காமல் முடித்துவிடலாம் என்று நாலரைக்கே எழுந்தேன். மார்கழியில் அந்நேரம் தெருவே விழித்திருக்கும் என்பது இத்தனை வருஷமாகத் தூங்கிக் கழித்தவனுக்குத் தெரியவில்லை. எதிர்வீட்டு அம்மா வாசல் தெளித்துக்கொண்டிருந்தவர் அப்படியே நின்று என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. நான் ஊடுபுள்ளி வைத்தேன், அதாவது ஒரு வரிசைப் புள்ளிகளின் இடைவெளிக்கு நேராக அடுத்த வரிசைப் புள்ளிகள். நடுவில் ஏழு, இருபக்கமும் ஒவ்வொன்றாகக் குறைந்து நாலில் முடியும், மொத்தம் 37 புள்ளி. கோடு இழுக்கத் தொடங்கியதும் மாவு ஒரு இடத்தில் கொட்டியது, ஒரு இடத்தில் வரவே இல்லை. ஆள்காட்டி விரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவில் அதைச் சீராக விடுவதைவிட வாட்டர்கலர் எளிது, சத்தியமாக.

மூன்றாம் நாள் துணிச்சலாகச் சிக்குக் கோலத்துக்குத் தாவினேன். அன்றுதான் எதிர்வீட்டு அம்மா வாய் திறந்தார்: 'தம்பி, வலது பக்கம் ஒரு புள்ளி அநாதையா நிக்குது பாரு.' உண்மைதான். சிக்கில் ஒவ்வொரு புள்ளியையும் கம்பி, அதாவது கோடு, சுற்றி வர வேண்டும், புறப்பட்ட இடத்திலேயே வந்து சேர வேண்டும். சென்னை கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி 1970களில் கோலங்களை வைத்துக் கணினிக்கான பட இலக்கணம் (படங்களை விதிகளால் உருவாக்கும் முறை) எழுதினார் என்று படித்திருந்தேன். கட்டை வெளக்குமாறும் கையுமாக நிற்கும்போதுதான் அது ஏன் என்று புரிந்தது.

கடலோர ஊருக்கு இந்த விடியற்காலை எவ்வளவு பொருத்தம் என்பதும் அப்போதுதான் உறைத்தது. முன்பகல் ஏறினால் கடற்காற்று கிளம்பிவிடும், மாவு நிற்காது. விடியலில் காற்று அடங்கியிருக்கும்.

ஆக, எது சிறந்தது? செலவைப் பார்த்தால் கோலத்தோடு மற்ற இரண்டும் பக்கத்தில் நிற்க முடியாது, மாவு பாக்கெட் சில்லறைக் காசு. நேரமும் அப்படியே, 20 நிமிடத்தில் முடிந்து குளிக்கப் போய்விடலாம். ஆனால் வைத்துக்கொள்ள ஒன்றும் மிஞ்சாது. எட்டு மணிக்குப் பால்வண்டி ஏறிவிடும். இது சிலருக்கு ஒத்துவராது. ஐந்தாம் மாடி ஃபிளாட்டில் இருப்பவருக்கு வாசலே கிடையாது, அவர் ஒயிட் டவுனுக்குப் போகலாம், தனியாக உட்கார விரும்புகிறவருக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீடு என்றால் கண்ணை மூடிக்கொண்டு களிமண். வெடித்தாலும் அவர்களுக்கு அது திருவிழாதான்.

என் கணக்கு வேறு. 48 வருஷம் ஒரே தெருவில் இருந்தும் எதிர்வீட்டு அம்மாவுக்குச் சொந்த ஊர் கடலூர் தேவனாம்பட்டினம் என்பது மார்கழி 12-ஆம் நாள்தான் எனக்குத் தெரியும். அன்று பூசணிப்பூ கொண்டுவந்து கொடுத்தார். பேப்பர் போடும் பையன் என் கோலத்துக்கு மார்க் போடுகிறான், இதுவரை அதிகபட்சம் ஆறரை. மனைவிக்கு மூட்டு சரியாகிவிட்டது. செவ்வாய், வெள்ளி அவளுக்கு, மற்ற நாள் எனக்கு என்று பிரித்துக்கொண்டோம்.

இப்போது 15-க்கு 8 ஊடுபுள்ளியில் நிற்கிறேன், 169 புள்ளி. எங்கள் தெருவில் சதுரக் கல் பதித்திருக்கிறார்கள். கல்லும் கல்லும் சேரும் கோட்டைப் பிடித்தே புள்ளி வைத்துவிடலாமே என்று ஒருநாள் முயன்றேன். எதிர்வீட்டிலிருந்து குரல் வந்தது: 'அது ஏமாத்து தம்பி. அழிச்சிட்டுக் கண்ணளவுல வை.'