கூர்ப்பா, வடிவமைப்பா?

உயிர்கள் தலைமுறை தலைமுறையாக மாறி வந்தவையா (கூர்ப்பு), யாரோ திட்டமிட்டு ஆக்கியவையா? யாழ்ப்பாணத்தில் கிணறு வெட்டினால் வரும் சுண்ணாம்புக்கல் மயோசீன் காலத்தது, 50 இலட்சம் ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. பூமிக்கு 6,000 வயசு என்னும் படைப்புவாதம் இந்தக் கல்லிலேயே இடறிவிடும்.

உயிர்களை அறிவுள்ள ஒரு வடிவமைப்பாளரே ஆக்கினார் என்னும் நுண்ணறிவு வடிவமைப்புக் கொள்கை வயசில் தகராறு பண்ணாது. பக்டீரியா நீந்தப் பயன்படுத்தும் வால் போன்ற சவுக்குமுளையில் ஒரு பாகம் குறைந்தாலும் இயங்காது, ஆகவே அது படிப்படியாக உருவாகியிராது என 1996இல் அக்கொள்கையின் ஆதரவாளரான அமெரிக்க உயிர்வேதியியலாளர் மைக்கேல் பீஹி வாதிட்டார். கெட்டிக்கார வாதந்தான். ஆனால் பாகங்கள் முன்பு வேறு வேலை செய்திருக்கலாமே! அதன் அடிப்பகுதிப் புரதங்களை ஒத்தவை சில பக்டீரியாக்களில் புரதம் செலுத்தும் ஊசியாக இயங்குகின்றன.

கூர்ப்புக்கு விகாரமும் (மரபணுவில் நேரும் மாற்றம்) இயற்கைத் தேர்வும் (சூழலுக்குப் பொருந்தியவை பெருகுதல்) போதிய தொடக்கம். அதைப் பிழையென்று காட்டவும் வழியுண்டு: பாலூட்டிகளே தோன்றாத கேம்பிரியன் காலப் பாறைப் படையில் ஓர் ஆட்டெலும்பு கிடைத்தால் ஆட்டங்காணும். வடிவமைப்பாளரை எந்த எலும்பும் அசைக்காது. அக்கொள்கையைப் பாடசாலையில் புகுத்தியது பற்றி 2005இல் அமெரிக்காவில் நடந்த டோவர் வழக்கில் நீதிமன்றமும் அது விஞ்ஞானமல்ல என்றே தீர்த்தது.