மலையூரில் டெஸ்ட் ‘பேக்கேஜ்’: பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

பெங்களூரின் கிழக்குப் பகுதியில் ஒரு டிரைவிங் ஸ்கூல் தமிழ்க் குடும்பங்களாகப் பார்த்துப் பிடிக்கிறது. “ஞானபாரதி டெஸ்ட் டிராக்ல கேமரா, சென்சார் எல்லாம் வெச்சிருக்காங்க சார், கோட்டைத் தொட்டாலே ஃபெயில். சக்லேஷ்புரா, மடிகேரி பக்கம் போயிடலாம். ரோட்ல ரெண்டு கியர் மாத்திக் காட்டினா லைசென்ஸ் கையில” என்று கர்நாடகத்து மலையூர்களைக் காட்டிச் சொல்லி மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொள்கிறார்கள். ரசீது கிடையாது. ஒரு காரில் மூன்று பேரை ஏற்றி, ஆளுக்குப் பத்து நிமிஷம், அதுவும் சமதளச் சாலையில் ஓட்ட விடுகிறார்கள். டெஸ்ட் அன்று ஏற்றத்தில் வண்டி பின்னால் உருண்டு ஃபெயிலானவர்களிடம், மறுபடி கூட்டிப்போகத் தனிப் பணம் கேட்கிறார்கள். எங்கள் பகுதியில் இப்படிப் பணத்தை விட்டவர்களில் பலர் வேலைக்காக லைசென்ஸ் தேடிய பிள்ளைகள். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

மலையூரில் டெஸ்ட் சுலபம் என்பதே பொய். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 15-ஐப் பாருங்கள். செங்குத்தான ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கையோ ஆக்சிலரேட்டர், கால் பிரேக்கையோ சரியாகப் பயன்படுத்தி, துளியும் பின்னால் உருளாமல் மறுபடி எடுக்க வேண்டும். இறக்கத்தில் சட்டென்று குறைந்த கியருக்கு மாற்ற வேண்டும். சமதளத்து ஊரில் ஒரு சின்ன மேட்டில் இதைப் பார்ப்பார்கள். மலையில் சாலையே மேடு. டெஸ்ட் எடுக்கும் பிரேக் இன்ஸ்பெக்டர் எந்த இடத்திலும் நிறுத்தச் சொல்லலாம்.

இந்த ஏமாற்று பல நாள் வெளியே தெரியாமல் இருப்பதற்குக் காரணம் பயிற்சிக் காரின் இரட்டை பெடல். சட்டப்படி அது இருக்கத்தான் வேண்டும், பாதுகாப்புக்கு. ஆனால் பக்கத்தில் இருப்பவர் ஒவ்வொரு முறையும் கிளட்சை அவரே மிதித்துக்கொண்டிருந்தால், ஓட்டுவது நீங்கள் அல்ல. கண்டுபிடிப்பது எளிது. இரண்டு பெடலும் இணைந்தவை என்பதால், அவர் மிதித்தால் உங்கள் பாதத்துக்கு அடியில் இருக்கும் பெடல் தானாகக் கீழே இறங்கும். ஒரு வகுப்பு முழுவதும் அவரைக் காலைப் பின்னால் இழுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஆள் நடமாட்டமும் போக்குவரத்தும் இல்லாத இடத்திலாவது மறுக்காமல் ஒப்புக்கொள்கிறாரா என்று பாருங்கள். பத்து முறைக்கு நான்கு முறை எஞ்சின் நின்றால், இத்தனை நாள் நீங்கள் கற்றது ஸ்டியரிங் மட்டும்தான்.

ஏற்றத்தில் எடுக்கும் முறை இது. ஹேண்ட் பிரேக்கை முழுக்க இழுங்கள். கிளட்சை அழுத்தி ஃபர்ஸ்ட் கியர் போடுங்கள். ஆக்சிலரேட்டரை லேசாகக் கொடுத்து, எஞ்சின் சத்தம் சீராக வந்ததும் கிளட்சை மெதுவாக மேலே விடுங்கள். ஓரிடத்தில் சத்தம் கனத்து, பானெட் சற்றே தூக்கும். அதுதான் ஹாஃப் கிளட்ச். பாதத்தை அங்கேயே அசையாமல் வைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். வண்டி நகர்ந்த பிறகுதான் கிளட்சை முழுதாக விட வேண்டும். பெரும்பாலும் தவறுவது இரண்டு இடங்களில்: பயத்தில் கிளட்சைச் சட்டென்று விட்டால் எஞ்சின் அணையும், ஹாஃப் கிளட்ச் வருமுன் ஹேண்ட் பிரேக்கை விட்டால் வண்டி உருளும்.

மூன்றாவது ஒன்று உண்டு, அது உங்கள் தவறே அல்ல. பழைய பயிற்சிக் கார்களில் ஹேண்ட் பிரேக் கேபிள் தளர்ந்து கிடக்கும். லீவர் உச்சிவரை வந்தும் பிடிக்காது. டெஸ்டுக்குத் தரும் அதே காரை முந்தைய நாளே ஒரு சரிவில் நிறுத்தி, கால் பிரேக்கின் மேலேயே பாதத்தைத் தயாராக வைத்துக்கொண்டு சோதியுங்கள். நகர்ந்தால் கேபிளை இறுக்கச் சொல்லுங்கள். சின்ன வேலைதான், அதைக்கூடச் செய்யாமல் பிள்ளைகளை மலைக்கு அனுப்புவதை மன்னிக்கவே முடியாது.

இறக்கத்தில் நியூட்ரலில் விடச் சொல்லிக்கொடுக்கும் ஆளிடம் ஒரு நாளும் கற்காதீர்கள். எந்த கியரில் ஏறுவீர்களோ, ஏறக்குறைய அதே கியரில் இறங்க வேண்டும். பிரேக்கை விடாமல் மிதித்தால் பேட் சூடேறிக் கருகல் வாடை வரும், பிறகு பிடி குறையும். குறுகலான மலைச் சாலையில் ஏறி வரும் வண்டிக்கே முதல் வழி. வளைவில் ஓவர்டேக் கூடாது.

இதற்கெல்லாம் சக்லேஷ்புரா போக வேண்டியதில்லை. அனுமதி வாங்கி அபார்ட்மென்ட் பேஸ்மென்ட் சரிவில் பழகலாம். பிறகு கூட்டம் குறைந்த வார நாளில் நந்தி மலைச் சாலை. எல் போர்டும், பக்கத்தில் லைசென்ஸ் உள்ளவரும் கட்டாயம்.

மத்திய விதிப்படி எல்.எல். எனும் பழகுநர் உரிமத்துக்கு 150 ரூபாய், அதற்கான தேர்வுக்கு 50, டிரைவிங் டெஸ்டுக்கு 300, லைசென்ஸுக்கு 200. கார்டு, சேவைக் கட்டணம் சேர்ந்தாலும் காருக்கு மட்டும் என்றால் இரண்டாயிரத்தைத் தொடாது. எல்.எல். கிடைத்து 30 நாள் கழித்துத்தான் டெஸ்ட். ஃபெயிலானால் 7 நாள் கழித்து மறுபடி போகலாம். மூன்று முறை தவறினால் 60 நாள் காத்திருக்க வேண்டும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு, நீங்கள் வசிக்கும் மாநிலத்தில் எந்த ஆர்.டி.ஓ.விலும் விண்ணப்பிக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆகவே கர்நாடகத்தில் வசிக்கும் உங்களிடம் “கொடைக்கானல் விலாசத்தில் ரென்டல் அக்ரிமென்ட் போட்டுத் தருகிறோம்” என்று யாராவது சொன்னால் உடனே எழுந்து வந்துவிடுங்கள். பொய்த் தகவல் கொடுத்து வாங்கிய லைசென்ஸை அதே சட்டத்தின் பிரிவு 19-ன்படி ரத்து செய்யலாம். மாட்டப்போவது உங்கள் பெயர்.

டிரைவிங் ஸ்கூலில் சேரும்போது, ஸ்கூல் நடத்துவதற்கான படிவம் 11 உரிமம் சுவரில் இருக்கிறதா, காலாவதியாகவில்லையா என்று பாருங்கள். காருக்குக் குறைந்தது 21 நாள் பயிற்சி, 10 மணி நேரம் உண்மையான ஓட்டம் என்பது அதே மத்திய விதிகளில் விதி 31. ஓட்டிய நேரத்தைப் படிவம் 15-ல் எழுத வேண்டும். ஓட்டாத நேரத்துக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். போடும் பக்கத்தை ஒவ்வொரு முறையும் போட்டோ எடுங்கள். பணத்தை யு.பி.ஐ.யில் தவணையாகக் கொடுங்கள். ஏற்கெனவே ஏமாந்தவர்கள் உரிமம் தந்த ஆர்.டி.ஓ.வில் எழுத்தில் புகார் கொடுங்கள், 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும் பதியுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், கட்டிய தொகை ஐந்து லட்சம்வரை என்றால் மனுக் கட்டணமே இல்லை. அங்கே அந்தப் போட்டோக்களும் யு.பி.ஐ. விவரமும்தான் உங்களுக்குச் சாட்சி.